படகு விளிம்பில் இரு தட்டல்

சிதம்பரத்து விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த தோழிகளே, உங்களுக்கு நான் ஒரு விளக்கம் தர வேண்டியிருக்கிறது. குளியலறை காலியாகக் கிடந்தாலும் அதன் கதவை இரண்டு முறை தட்டிவிட்டு, சற்று நின்று, பிறகே உள்ளே போவேன். என் இரும்புப் பெட்டியைத் திறக்கும் முன்பும் அப்படித்தான். "உள்ள இருக்கிற கரப்பான்பூச்சிக்குக் கூட சொல்லிட்டுத்தான் தொறக்கிறா" என்று சிரிப்பீர்கள். நானும் சேர்ந்து சிரித்துவைப்பேன். நம்மில் பாதிப் பேருக்கு முழங்கால் வலி வந்துவிட்ட இந்த வயதில் அந்தப் பழக்கத்தின் கதையை எழுத உட்கார்ந்திருக்கிறேன். காரணம் எளிது. சென்ற மாதம் வரை அந்தக் கதையில் பாதிதான் எனக்கே தெரிந்திருந்தது.

அப்போது எனக்குப் பதினோரு வயது. கிள்ளைக்குக் கிழக்கே, சுரபுன்னைக் காடு தொடங்கும் விளிம்பில் எங்கள் வீடு. வாசலில் இறங்கி ஐம்பது அடி நடந்தால் படகுத்துறை. அங்கிருந்து வாய்க்கால்கள் காட்டுக்குள் பிரிந்து பிரிந்து போய்க் கடைசியில் கடலைத் தொடும். ஒரு நாளில் இரண்டு முறை கடல் நீர் அந்த வாய்க்கால்களில் ஏறும், இரண்டு முறை வடியும். எங்கள் சமையலும் குளியலும் தூக்கமும் அந்தக் கணக்கில்தான் நடந்தன.

நீர் வடிந்து மார்பளவுக்கு வரும்போது எங்கள் பெண்கள் இறங்குவார்கள். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. கையால் சேற்றையும் வேர் இடுக்கையும் தடவி இறாலைப் பிடிப்பார்கள். இரண்டு கையும் வேலையில் இருப்பதால், பிடித்ததைப் போட்டுவைக்கும் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பார்கள். பனையோலையில் முடைந்த அந்தப் பறி, முகவாய்க்குக் கீழே நீண்டு தொங்கும். வேருக்கு அடியில் கை எட்டாதபோது தலையையும் முக்கி இறங்குவார்கள். அப்போதும் பல் திறக்காது. மணிக்கணக்கில் பேசாமல் வேலை செய்துவிட்டு, கரையேறிக் கயிற்றை விட்டதும் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவார்கள். அடைத்து வைத்திருந்த அன்றைய பேச்சு முழுவதும் துறையில் கொட்டும்.

அவர்களில் என் அத்தையும் ஒருவர். அப்பாவுக்கு மூத்தவர். அகலமான உள்ளங்கை, விரல் நுனிகள் எப்போதும் வெளுத்துச் சுருங்கியிருக்கும். அந்த விரல்கள் என் தலையில் பேன் தேடும்போது, சேற்றுக்குள் இறால்கள் எதை உணர்ந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்தது.

அந்தத் தை மாதத்தில் என் மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பி, இருபத்திரண்டு வயது. துறைமுகம் ஒன்றில் ஒரு ஒப்பந்தக்காரரிடம், மூச்சை அடக்கி மூழ்கிக் கப்பலின் அடிவயிற்றில் ஒட்டியிருக்கும் சிப்பிகளைச் சுரண்டும் வேலை பார்த்தவர். கூட வேலை பார்த்த ஒருவன் மூழ்கியவன் மேலே வரவில்லை. கயிறு கட்டித் தேடி அவனை எடுத்து வந்தவர்களில் மாமாவும் ஒருவர். அதோடு துணிப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"நான் திரும்பப் போவ மாட்டேங்கா" என்று அம்மாவிடம் சொன்னார். "இங்கயே எதுனா பண்ணிப் பொழச்சிக்கிறேன். அந்த இரும்புக்கு அடியில மட்டும் என்ன அனுப்பாத."

அம்மா நல்லெண்ணெய் காய்ச்சினார். ஆழத்தில் இருந்து இருந்து மாமாவுக்கு ஒரு காதில் வலி வந்துபோய்க்கொண்டிருந்தது. பஞ்சு வைத்த காதோடு அவர் சாப்பிட உட்கார்ந்தது நினைவிருக்கிறது.

எதையாவது செய்து பிழைப்பதாகச் சொன்னாரே, அந்த எதையாவது என்பது துணிப்பையோடு சாக்கில் சுற்றி வந்திருந்தது. கை நீளத் தேக்குக் கட்டை. அதன் முதுகில் ஓடும் பள்ளத்தில் ஒரு எஃகுக் கம்பி. கம்பியின் முனை கூர்மையாக்கப்பட்டு, மீனில் ஏறினால் கழன்றுவிடாதபடி ஒரு முள்ளும் வைத்திருந்தது. கட்டையின் தலையில் லாரி டியூப்பை அறுத்த இரண்டு ரப்பர் பட்டைகள். கம்பியின் வாலிலிருந்து கட்டைக்கு ஒரு நைலான் கயிறு. கடலூர்ப் பட்டறை ஒன்றில் சொல்லிச் செய்த விசை. மீன் துப்பாக்கி என்றார். எங்கள் தெருவே வந்து பார்த்தது.

அத்தை மட்டும் தொட்டுப் பார்க்கவில்லை. "என்னா மச்சான், இத வெச்சி கொசு சுடப் போறியா?"

"கொடுவா மீனு சுடப் போறேன், அண்ணி."

"கொடுவா உனக்கு நின்னு காட்டுமா?"

"அதுவா வந்து காட்டும். நாம தொரத்தக் கூடாது. அடியில போய்ப் பொணம் மாதிரி கெடந்தா, இது என்னாடான்னு பாக்க வரும். வந்தாலும் உடனே சுடக் கூடாது. தண்ணிக்குள்ள கண்ணு பொய் சொல்லும். இல்லாத கிட்டத்துல காட்டும், இருக்கிறத விடப் பெருசா காட்டும். நம்பிச் சுட்டா கம்பி பாதியில நின்னு போயிடும்."

அத்தை தம் கைகளை விரித்துக் காட்டினார். "எங்களுக்குக் கண்ணே வேணாம். கையி பொய் சொல்லாது."

அப்போது அது கேலிதான். கேட்ட எல்லாரும் சிரித்தார்கள்.

ஆனால் துறையில் அவ்வளவு எளிதாக முடியவில்லை. வாய்க்கால்களில் பெண்களின் சொல்தான் செல்லும். எந்த வேர்மேட்டில் யார் இறங்குவது, எந்த இடத்தைச் சில நாள் ஓய்வாக விடுவது என்பதையெல்லாம் அவர்களிலேயே மூத்தவரான ஒரு பாட்டி சொல்வார். ஆண்கள் அதில் தலையிட்டதில்லை. மாமா போய் அந்த மூத்தவர் முன்னால் நின்றார். அவர் துப்பாக்கியை மடியில் வைத்து வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தண்ணி வடியிறப்ப வாய்க்கா எங்களுது. ஏறுறப்ப உன்னுது. ரெண்டும் மாறுற நேரத்துல யாராச்சும் படகுல காவலுக்கு ஒக்காரணும். எங்க தலை கண்ணுக்குப் பட்டா படகுல ரெண்டு தட்டு தட்டணும். சத்தம் கேட்டா நீ மேல வந்துடணும். ஒரு தடவ தப்புனாலும் இந்தத் துப்பாக்கி கிள்ளப் பக்கம் வரக் கூடாது. சரின்னா எறங்கு."

"சரி" என்றார் மாமா.

காவலுக்கு உட்கார்ந்தது நான்தான். எங்கள் பள்ளியில் இரண்டு வேளை வகுப்பு நடந்தது. எனக்குக் காலை வேளை. மாலை முழுவதும் கையில் இருந்தது.

முதல் நாளை எப்படிச் சொல்வது? வாய்க்கால் திரும்பும் ஓரிடத்தில் ஒரு மடு உண்டு. இருபுறமும் சுரபுன்னை வேர்கள் விரல்களை ஊன்றி நிற்பதுபோல நீருக்குள் இறங்கியிருக்கும். மழைக்காலத்துக் கலங்கல் அடங்கிய மாதம் அது. கடல் நீர் ஏறத் தொடங்கி ஒரு மணி நேரத்துக்கு அந்த மடு தெளிந்து, பச்சைக் கண்ணாடி போல ஆகிவிடும். மாமா படகோரத்தில் நீரில் நின்றபடி, துப்பாக்கியின் அடியை வயிற்றில் அழுத்திக்கொண்டு இரண்டு கைகளாலும் ரப்பரை இழுத்துக் கம்பியின் வெட்டில் மாட்டினார். வயிற்றில் வட்டமாக ஒரு கன்றிய தழும்பு. பிறகு முகமூடியை மாட்டிக்கொண்டு, கவிழ்ந்து மிதந்தபடி மெதுவாக மூச்சுவிட்டார். எனக்கு அவர் தூங்குவதாகத் தோன்றியது. ஒரு மூச்சை மட்டும் ஆழ இழுத்தார். இடுப்பை மடக்கினார். கால்கள் வானைப் பார்த்து எழுந்தன. ஒரு துளி தெறிக்காமல் உள்ளே போயின.

நான் எண்ணத் தொடங்கினேன். நாற்பது. அறுபது. எழுபதில் என் சொந்த நெஞ்சு அடைத்தது. தொண்ணூறில் அழத் தயாரானேன். வேர்களுக்குள்ளிருந்து சரம் அறுந்ததுபோல ஒரு சத்தம், கயிறு இறுகியது, மாமாவின் தலை படகருகே எழுந்தது. கையில் ஒரு செப்பலி மீன் துடித்துக்கொண்டிருந்தது. சிவப்பேறிய அதன் உடம்பில் செவுளுக்குச் சற்றுப் பின்னே ஒரே ஒரு துளை. ஒரு மனிதர் மூச்சில்லாத இடத்துக்குப் போய், அங்கே அவசரப்படாமல் காத்திருந்து, ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்துத் திரும்பி வந்திருக்கிறார். பிற்பாடு எத்தனையோ பெரிய மேடைகளையும் பெரிய மனிதர்களையும் பார்த்துவிட்டேன். அந்த அளவுக்கு வாயடைத்துப்போய் நின்றது வேறெங்கும் இல்லை.

"நூறு வரைக்கும் எண்ணாத, பாப்பா" என்றார் மாமா. "கரையப் பாரு. நீ பாக்கிறதாலதான் நான் கீழ நிம்மதியா படுத்துக்கினு இருக்கேன்."

அதற்குப் பிறகு நான் கரையைப் பார்த்தேன். வாய்க்காலின் வளைவில் பெண்களின் தலைகள் தென்பட்டால், சிறு கட்டையால் படகின் விளிம்பில் இரண்டு முறை தட்டுவேன். ஐந்து எண்ணுவதற்குள் மாமா மேலே இருப்பார். ஒருநாள்கூடத் தவறியதில்லை. இறங்கும் முன்பு பழக்கத்துக்காக ஒருமுறையும், படகைக் கட்டிய பிறகு ஒருமுறையும்கூடத் தட்டுவேன். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்துப்போயிற்று.

எனக்கும் ஒரு முகமூடி செய்து தந்தார். லாரி டியூப்பின் துண்டு ஒன்றில், நின்றுபோன சுவர்க் கடிகாரத்தின் வட்டக் கண்ணாடியைப் பொருத்தியது. ஓரத்தில் தேன்மெழுகு. அதை அணிந்து படகில் குப்புறப் படுத்து முகத்தை மட்டும் நீருக்குள் வைத்தால், உலகம் சட்டென்று அமைதியாகி, பெரிதாகி, கிட்டே வந்துவிடும். நண்டுகள் கையெட்டும் தூரத்தில் நடக்கும். கை நீட்டினால் எட்டாது. "காவல் இல்லாதப்ப மட்டும் போட்டுக்க" என்று சொல்லித்தான் தந்தார்.

மாசி பிறந்தது. மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணத்துச் சாமி கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வரும். திட்டக்குடியிலிருந்துகூட உறவுக்காரர்கள் வருவார்கள். எல்லா வீட்டிலும் இறால் வேண்டும். பெண்கள் வழக்கமான நேரத்தைத் தாண்டியும் நீரில் நின்றார்கள்.

அப்படி ஒரு மாலை. நீர் ஏறத் தொடங்கி மடு தெளிந்துவிட்டது. மாமா இரண்டு முறை மூழ்கி வெறுங்கையோடு வந்தார். "பெரிசு ஒண்ணு கெடக்குது" என்று மட்டும் சொன்னார். குரல் தாழ்ந்திருந்தது. மூன்றாம் முறை இறங்கினார். நான் முகமூடியை அணிந்துகொண்டேன்.

கீழே மாமா வேர்களின் நிழலில் ஒட்டிப் படுத்திருந்தார். நீட்டிய கையும் துப்பாக்கியும் ஒரே கோடு. அவர் தலையைத் திருப்பவில்லை. அவருடைய கவனம் திரும்பியதை மட்டும் என்னால் உணர முடிந்தது. இருட்டுக்குள் முதலில் ஒரு கண் தெரிந்தது. செம்புத் தகட்டில் வெயில் பட்டதுபோல எரியும் கண். அதன் பின்னால் மெல்ல மெல்ல ஒரு உடம்பு வந்தது, வந்துகொண்டே இருந்தது. அந்தக் கொடுவா என்னைவிட நீளம் என்று அன்று சத்தியம் செய்திருப்பேன். நீர் பெரிதாக்கிக் காட்டியதைக் கழித்தாலும் என் இடுப்புக்கு மேலே வரும். அது துப்பாக்கியின் முனைக்கு நேரே வந்து நின்றது. விலாவின் ஒவ்வொரு செதிலையும் எண்ணலாம். மாமா சுடவில்லை. இன்னும் கிட்டே வர வேண்டும்.

மூச்சு வாங்க நான் தலையை உயர்த்தினேன். முகமூடியில் வழிந்த நீரின் வழியே, வளைவில் மூன்று தலைகள் தெரிந்தன.

பார்த்தேன். அதை மறைப்பதற்கில்லை. பார்த்தேன், கட்டை என் முழங்கைக்கு அருகே கிடந்தது, தட்டினால் அந்த மீன் போய்விடும் என்று நினைத்தேன். இன்னும் ஒரே ஒரு முறை பார்த்துவிட்டுத் தட்டலாம் என்று முகத்தை மறுபடி நீருக்குள் வைத்தேன்.

கொடுவா வாலை ஒருமுறை அசைத்தது. வெள்ளியாக ஒரு வீச்சு. வேர்களின் மறுபக்கம் மறைந்தது. மாமாவின் துப்பாக்கி அதைத் தொடர்ந்து நகர்ந்தது. அது மறைந்த அதே இடைவெளியில் நீளமாக, வெளிறிய ஒன்று வந்தது. அதனுள் ஏதோ மின்னி மின்னி அசைந்தது. கம்பி பாய்ந்தது.

அது என் அத்தையின் பறி. புது ஓலையில் முடைந்தது. உள்ளே உயிருள்ள இறால்கள் துள்ளிக்கொண்டிருந்தன. அந்த மூவருக்கும் முந்தி வந்துவிட்ட அத்தை, வேருக்கு அடியில் தடவத் தலையை முக்கியிருந்தார்.

மாமா மேலே எழுந்தபோது அவருடைய முகத்தை நான் பார்க்கவில்லை. அத்தையைப் பார்த்தேன். அவர் மார்பளவு நீரில் எழுந்து நின்றார். பறியின் குறுக்கே கம்பி ஊடுருவி, கன்னத்திலிருந்து ஒரு கையகலத்துக்கு அப்பால் அதன் முனை நீட்டிக்கொண்டிருந்தது. கம்பி இழுத்த இழுப்பில் முன்பல் உடைந்து, உதட்டிலிருந்து இரத்தம் முகவாயில் வழிந்தது. கயிற்றை அவர் விட்டிருக்கவில்லை. உடைந்த பல்லோடு கடித்துக்கொண்டிருந்தார். ஒரு கையைப் பறிக்கு அடியில் கொடுத்து, கம்பி போட்ட துளையைப் பொத்தியிருந்தார். ஒரு இறால்கூட வெளியே போகவில்லை.

அதுவரை மாமாதான் உலகத்திலேயே துணிச்சலானவர் என்று நம்பியிருந்தேன். அந்தக் கணத்தில் என் வியப்பு அவரிடமிருந்து விலகி, நீரில் அசையாமல் நின்ற அந்தப் பெண்மணியிடம் போய்ச் சேர்ந்தது. இன்றுவரை அங்கேயே இருக்கிறது.

அத்தை படகை நோக்கி நடந்து வந்து, பறியை என் கையில் ஏற்றிவிட்ட பிறகே வாயைத் திறந்தார். இரத்தத்தைத் துப்பினார்.

"கொடுவா சுடுறேன்னியே, மச்சான். எறா சுடவா வந்த?"

மாமா முகமூடியைக் கழற்றாமலே படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

துறையில் பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். அன்று யாரும் ஒரே நேரத்தில் பேசவில்லை. கம்பி குத்திய பறி நடுவில் கிடந்தது. மூத்தவர் என்னைத்தான் முதலில் பார்த்தார்.

"தட்டுனியா?"

நான் மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். அதற்குள் மாமா பேசினார்.

"தட்டுனா. ரெண்டு தட்டு. எனக்குத்தான் கேக்கல. கப்பல் வேலையில காது போயிடுச்சி. வெளிய சொல்லல, அவ்ளோதான்."

அம்மா தலையில் கை வைத்தார். எண்ணெய் காய்ச்சியவர் அவர், நம்பிவிட்டார். மூத்தவர் அத்தையின் பக்கம் திரும்பினார்.

"நீயும் தண்ணிக்குள்ள இருந்த. ஒனக்குக் கேட்டுச்சா?"

அத்தை வாயில் அழுத்தியிருந்த துணியை எடுத்தார். என்னை ஒருமுறை பார்த்தார். "கேட்டுச்சி. நல்லா கேட்டுச்சி. சத்தம் கேட்டா மேல போயிடுவான்னு நெனச்சிதான் வந்தேன். செவுட்டுப் பயகிட்ட துப்பாக்கி இருக்குதுன்னு யாரு கண்டா?"

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் பெயர் ஒட்டிக்கொண்டது. எங்கள் துறையில் ஒரு பெயர் விழுந்துவிட்டால் அது சாகும்வரை கழலாது. "காது கேக்காதவனுக்குக் காவல் வெச்சி என்னா பண்றது?" என்றார் மூத்தவர். அதோடு தீர்ப்பு முடிந்தது.

மாசி மகத்துக்கு முன்பே மாமா புறப்பட்டார். போகமாட்டேன் என்று சொன்ன அதே இரும்புக்கு அடியில் ஆறு வருடம் சுரண்டினார். அந்த ஆறு வருடத்தையும் நான் ஒவ்வொரு நாளாகச் சுமந்தேன். என் அறிவுக்கு எட்டிய கணக்கு இதுதான்: மாமாவுக்கு நிஜமாகவே காது மந்தம், ஆகவே நான் தட்டியதாகவே நம்பிவிட்டார். அத்தை வலியில் குழம்பி, முந்தைய நாள் சத்தத்தை அன்றைய சத்தமாக நினைத்துக்கொண்டார். இரண்டு பெரியவர்கள் ஒரே நேரத்தில் தவறாக நினைத்ததால் நான் தப்பித்தேன். அடுத்த ஜூனில் சிதம்பரத்து விடுதிக்கு வந்துவிட்டேன்.

கடிகாரக் கண்ணாடி முகமூடியை என் பெட்டியில் வைத்திருந்தேன். இரண்டாம் ஆண்டில் அது உடைந்தபோது நான் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். காரணம் கேட்டீர்கள், சொல்லவில்லை.

மாமாவை நீங்கள் அறிவீர்கள். ஆறு வருடத்துக்குப் பிறகு அந்த வேலையை விட்டு, கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் அலையைத் தடுக்கக் கொட்டிய கல்லணை ஓரமாக அதே துப்பாக்கியோடு மூழ்கத் தொடங்கியவர், வாரம் ஒருமுறை விடுதி வாசலில் வறுத்த மீனோடு வந்து நின்றார். காது கேட்காது என்று நான் சொல்லியிருந்ததால் நீங்கள் அவரிடம் உரக்கப் பேசுவீர்கள். உங்களில் ஒருத்தி கிட்டே போய் அவர் காதருகே, "மீன் ரொம்ப நல்லாருக்குது, மாமா" என்று கத்தினாள். அவர் ஒரு கையால் காதைத் தேய்த்துக்கொண்டே தலையாட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் இருந்தது நன்றி என்று நாம் நினைத்தோம்.

நான் படித்தது சமூகப் பணி. வாழ்க்கை முழுவதும் பிறருக்குக் கிடைக்க வேண்டியதைக் கேட்டு வாங்கிக் கொடுத்தவள், என் மாமாவுக்கு ஒன்றும் செய்யவில்லையே என்ற உறுத்தல் வயதோடு வளர்ந்தது. சென்ற மாதம் கடலூரில் நடந்த ஒரு மருத்துவ முகாமுக்கு அவரைக் கட்டாயப்படுத்தி அழைத்துப் போனேன். செவித்திறன் குறைவுச் சான்று வாங்கிவிட்டால் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம் என்பது என் திட்டம்.

"வேணாம் பாப்பா, உடு" என்று வழி முழுவதும் சொன்னார். நான் கேட்கவில்லை.

காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அவருடைய கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அழுத்தியது. மறுபடி அழுத்தியது. எனக்குக் கேட்காத, கேட்கவே முடியாத மெல்லிய சத்தங்களுக்கெல்லாம் அது அழுத்திக்கொண்டே போனது. பரிசோதித்த இளம்பெண் வெளியே வந்து, "ஐயாவுக்குக் காது நல்லாத்தாங்க இருக்குது. இந்த வயசுக்கு ரொம்ப நல்லா இருக்குது" என்றாள். பழைய பாதிப்பின் அடையாளமும் ஏதும் இல்லையாம்.

வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம்.

"அழுத்தாம இருந்திருக்கலாம்" என்றார் மாமா, தரையைப் பார்த்தபடி. "கவுருமெண்டு காசு. அதுக்காகப் பொய் சொல்லக் கூடாதில்ல."

காசுக்காகச் சொல்லக் கூடாத பொய்யை அவர் எதற்காகச் சொன்னார் என்பது எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. பேருந்தில் கிள்ளைக்குத் திரும்பும்போதுதான் மற்றது உறைத்தது. சிதம்பரம் தாண்டியிருக்கும். நீருக்குள் சத்தம் ஆளுக்கு ஒன்றாகக் கேட்பதில்லை. மாமாவுக்குக் கேட்காதது அத்தைக்கும் கேட்டிருக்க முடியாது. அவருடைய தலையும் அப்போது உள்ளேதான் இருந்தது. கேட்டதாகச் சொன்னது அவரும் தெரிந்தே சொன்ன பொய்.

அத்தைக்கு எழுபது கடந்துவிட்டது. முன்பல் இருந்த இடத்தில் அந்த இடைவெளி அப்படியே இருக்கிறது. அதன் வழியே வெற்றிலைச்சாறு துப்புவதில் அவர் கெட்டிக்காரர். நான் எதிரே உட்கார்ந்து சொன்னேன்.

"அத்த, அன்னிக்கி நான் தட்டல."

"நீ தட்டியிருந்தா அவன் அடியில இருக்கான்னு தெரிஞ்சிருக்குமே, நான் ஏன் தலைய முக்கப் போறேன்?"

"அப்பறம் ஏன் கேட்டுச்சின்னு சொன்னீங்க?"

அவர் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினார். "ஒன் மொகத்துல கண்ணாடி அழுத்துன தடம் வட்டமா இருந்துச்சி. தொறையில யாரும் பாக்கல, நான் பாத்தேன். அத்தையக் கொல்லப் பாத்தவன்னு ஒனக்குப் பேரு வெச்சிருப்பாளுங்க. பதினோரு வயசுல அது ஒட்டிக்கினா போவுமா?"

"மாமாவுக்கு ஒட்டிக்கிச்சே."

"அவன் தானா கேட்டு வாங்கிக்கினது." பிறகு, நான் கேட்காமலேயே தொடர்ந்தார். "அதோட, அந்தத் துப்பாக்கி வாய்க்கால்ல இருக்கக் கூடாதுன்னும் எனக்கு இருந்துச்சி. கம்பி ஒரு கையளவு மேல வந்திருந்தா நான் இல்ல. ஒனக்காகவும் சொன்னேன். எங்களுக்காகவும் சொன்னேன். ரெண்டுந்தான்."

நான் நன்மை தீமைகளை எடைபோட்டே பழகியவள். ஒரு பொய்யால் யாருக்கு என்ன கிடைத்தது, யார் என்ன இழந்தார்கள் என்று அன்று இரவெல்லாம் கூட்டிக் கழித்தேன். மாமாவின் ஆறு வருடம் ஒரு பக்கம். அந்த வாய்க்கால்களில் அதன் பிறகு அச்சமின்றித் தலை முக்கிய பெண்கள் ஒரு பக்கம். விடுதிக்கு வந்து, படித்து, உங்களைச் சந்தித்த நான் ஒரு பக்கம். தராசு எந்தப் பக்கமும் நிற்கவில்லை. மனதில் நின்றது வேறொன்று. அந்த இருவரும் ஒருவரோடொருவர் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல், துறையில் அத்தனை பேர் நடுவே, ஒரு மூச்சு நேரத்தில் அதை முடிவு செய்திருக்கிறார்கள். நீருக்கு அடியில் முடிவெடுத்துப் பழகியவர்கள்.

நேற்றுக் காலை கடலூருக்குப் போனேன். மாமா கல்லணை ஓரம் நீரில் இருந்தார். காற்றில்லாத நாள், கடல் தெளிந்து கற்களின் அடி வரை தெரிந்தது. என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார். அறுபதைத் தாண்டிய உடம்பு. வயிற்றில் அதே வட்டத் தழும்பு. தேக்குக் கட்டை கறுத்துப் பளபளத்தது. கவிழ்ந்து மிதந்தார். ஒரு மூச்சு. இடுப்பு மடங்கியது, கால்கள் எழுந்தன, ஒரு துளி தெறிக்கவில்லை.

நான் எண்ணவில்லை. இரண்டு பக்கமும் கரையைப் பார்த்தேன். யாருமில்லை. ஒரு சிறு கல்லை எடுத்து, புடவையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு கீழிறங்கி, கையை நீருக்குள் விட்டு, பாறையில் இரண்டு முறை தட்டினேன்.

ஐந்து எண்ணும் நேரத்துக்குள் அவர் தலை என் காலடியில் எழுந்தது. முகமூடியை நெற்றிக்கு ஏற்றினார். வழக்கம்போல இடமும் வலமும் ஒருமுறை பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தார். கையிலிருந்த கல்லையும் பார்த்தார்.

"இப்பத்தான் தட்டுறியா?" என்றார்.